இருபத்தொரு வளைவு

சைக்கிள் என்பது தனி மனிதருக்காக ஏற்பட்ட வாகனம். மாட்டு வண்டியில் ஒருவர் தூங்கினால் மற்றவர் ஓட்டலாம். ரயிலில் எல்லோருமே தூங்கலாம். சைக்கிளில் அந்தச் சலுகை கிடையாது. அவரவர் பாரத்தை அவரவரே மிதித்துத் தள்ள வேண்டும். அப்படியிருக்க, புருஷனும் மனைவியுமாக இரண்டு சைக்கிள்களில் ஏறிக்கொண்டு, "நாங்கள் சேர்ந்து பிரயாணம் செய்கிறோம்" என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். எண்பத்துநாலு வயதான என் மாமியார் மட்டும் வேறு விதமாகக் கேட்டார்.

"ஏண்டா, அந்த ஊருக்கு ரயில் இல்லையா?" என்றார் தம் பிள்ளையைப் பார்த்து.

லடாக்கின் தலைநகரான லே பட்டணத்துக்கு உண்மையிலேயே ரயில் கிடையாது. ஆகையால் என் கணவர் மிகவும் தைரியமாக, "இல்லை, அம்மா!" என்று பதில் சொன்னார். ஆகாய விமானம் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, மாமியாரும் கேட்கவில்லை.

இது ஒன்றும் நம் நாட்டுக்குப் புதிய பைத்தியம் அல்ல. 1923-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வரக் கிளம்பினார்கள். பாலைவனங்களையும் பனிமலைகளையும் தாண்டி, 1928-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் திரும்பி வந்தவர்கள் அடி ஹக்கீம், ஜல் பாப்பாசோலா, ருஸ்தம் பும்கரா என்னும் மூன்று பேர்தான். மற்ற மூவரும் வழியிலேயே பிரிந்துவிட்டார்கள். நாலரை வருஷம், எழுபதினாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! அந்த மூவருடைய கால்களின் பலத்தைப் பற்றி எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பாயிருப்பது வேறு: நாலரை வருஷத்துக்குப் பிறகும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்களே, அதுதான்.

எங்கள் உத்தேசம் அவ்வளவு பெரியது அல்ல. ஹிமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து ரோதாங் கணவாய் வழியாக லே வரையில் நானூற்றெழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதை மோட்டாரில் இரண்டு நாளில் கடந்துவிடுகிறார்கள். நாங்கள் பதினாறு நாள் என்று திட்டம் போட்டோம். என் கணவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆகையால் திட்டம் ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதும் இருந்தது. நான் தபாலாபீஸில் வேலை பார்த்தவள்; எடை பார்ப்பது என் பொறுப்பு.

இந்தக் காலத்து நெடும் பிரயாணத்துக்குச் சைக்கிளின் பின்னால் காரியர் வைத்து மூட்டை கட்டுவதில்லை. சட்டத்தின் நடுவே ஒரு பை, ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பை, கைப்பிடியில் உருளையாக ஒரு பை என்று சைக்கிளின் உடம்போடு ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். கரடுமுரடான பாதையில் மூட்டை ஆடாது. காற்றும் அதிகம் பிடிக்காது. ஆனால் இடம் சொற்பம். கூடாரத்தின் துணி அவர் சைக்கிளில். அதைத் தூக்கி நிறுத்தும் குச்சிகள் என் சைக்கிளில். அடுப்பு என்னிடம், எண்ணெய்ப் புட்டி அவரிடம். நடுவழியில் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பிரிந்தோமானால் இரண்டு பேருக்கும் அன்றிரவு சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. இதை வேண்டுமென்றே செய்தோமா என்று சிலர் கேட்கிறார்கள். எடையைச் சமமாகப் பிரித்ததில் அப்படி அமைந்தது. அமைந்த பிறகு மாற்றவில்லை.

மணாலியில் இரண்டு ஒப்பந்தங்கள் செய்துகொண்டோம். ஒன்று, இருவரில் யார் அன்றைக்கு மெதுவாகப் போகிறாரோ அவர் முன்னால் போகவேண்டும். வேகமாகப் போகிறவர் முன்னால் போய்க் காத்திருப்பது என்பது பார்ப்பதற்குத்தான் மரியாதை. பின்னால் வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த கணமே, இளைப்பாறி முடித்தவர் கிளம்பிவிடுவார். களைத்தவருக்குக் கடைசி வரையில் ஓய்வு கிடைக்காது. இரண்டாவது, யாராவது ஒருவர் "போதும்" என்று சொல்லிவிட்டால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. முதல் ஒப்பந்தம் தினந்தோறும் உபயோகப்பட்டது. இரண்டாவதற்குப் பத்தாவது நாள் வரையில் அவசியம் ஏற்படவில்லை.

அந்தப் பத்தாவது நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தச் சாலையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் விஷயம் விளங்காது.

மலைச் சாலை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? அடிவாரம், ஏற்றம், உச்சி, அவ்வளவுதான். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். மணாலி - லே சாலை அப்படிப்பட்டதல்ல. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங்கைத் தாண்டினால் லாஹௌல் பள்ளத்தாக்கு. அங்கே கீலாங், ஜிஸ்பா ஆகிய ஊர்கள் வரையில் மரம் உண்டு, வயல் உண்டு, வீடு உண்டு. அதற்கு மேல் 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் ஸர்ச்சு. இறங்கினால் என்று சொன்னேனே தவிர, அந்த ஸர்ச்சுவே 4,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவைப் போல் ஒன்றரைப் பங்குக்கும் மேல். முன்னே போனால் நக்கீ கணவாய் 4,739 மீட்டர், லாச்சுலுங் கணவாய் 5,065 மீட்டர். அப்புறம் பாங் என்னும் இடம். அதுவும் ஏறக்குறைய 4,600 மீட்டர். ஆக, ஸர்ச்சுவுக்கு வந்துவிட்டவன் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இறங்கினவன் மாதிரி. எந்தப் பக்கம் வெளியே போகவேண்டுமானாலும் இன்னும் உயரமான விளிம்பு ஒன்றை ஏறிக் கடந்தாக வேண்டும்.

உயரத்தில் என்ன கெடுதல் என்று கேட்டால், காற்றில் பிராணவாயு குறைந்துவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். விகிதம் எங்கேயும் ஒன்றுதான். நூற்றுக்கு இருபத்தொரு பங்கு. குறைவது காற்றின் அழுத்தம். 4,500 மீட்டர் உயரத்தில் அது கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குகூட இல்லை. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குத்தான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அவகாசம் கேட்கும். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனபின் இரவு தூங்கும் இடத்தைத் தினம் முந்நூறு முதல் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது வைத்தியர்களின் விதி. இந்தச் சாலையில் தங்குமிடங்களின் அமைப்பு அந்த விதிக்கு அடங்குவதில்லை. ஆகையால் நாங்கள் ஜிஸ்பாவில் மூன்று இரவும், ஸிங்ஸிங்பாரில் இரண்டு இரவும், ஸர்ச்சுவில் இரண்டு இரவும் தங்கி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் தவறாமல் விழுங்கி வந்தோம். எல்லாம் புத்தகப்படி. ஆனால் உடம்பு புத்தகம் படிப்பதில்லையே!

அந்த டாக்டர் எங்களிடம் நாலு விஷயம் சொல்லி அனுப்பினார். "உயரத்தில் உடம்புக்கு என்ன வந்தாலும், வேறு காரணம் நிச்சயமாகத் தெரிகிற வரையில், அது உயரத்தினால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு இன்னும் உயரப் போகாதீர்கள். வலி அதிகமானால் ராத்திரியானாலும் இறங்குங்கள். நோய் கண்டவரை ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள்." இவ்வளவுதான். கடைசி விதியை அவர் இரண்டு தடவை சொன்னார்.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஸர்ச்சுவை விட்டுக் கிளம்பினோம். பாத்திரத்தில் மிச்சமிருந்த தண்ணீரின் மேல் ஏடு படிந்தாற்போல் பனிக்கட்டி உறைந்திருந்தது. ஹிமாசலத்தின் எல்லை அங்கே முடிந்து லடாக் ஆரம்பிக்கிறது. ஸாரப் நதி ஒரு பக்கம் மண்ணை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த மண் கரைகள் கோபுரம் கோபுரமாகச் செதுக்கினாற்போல் நிற்கின்றன. மரம் என்ற பேச்சே கிடையாது. பெருச்சாளிக்கு அண்ணன் மாதிரி கொழுத்திருக்கும் மார்மட் என்னும் மலைப் பிராணிகள் வளை வாசலில் எழுந்து நின்று எங்களைப் பார்த்துச் சீட்டியடித்தன. பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஞாபகம் வந்தது என்றார் என் கணவர். அவர் அப்போது நல்ல உற்சாகத்தில் இருந்தார். கற்களின் வர்ணத்தைப் பற்றியும், தாம் ஒரு காலத்தில் நடத்திய முக்கோணவியல் பாடத்தைப் பற்றியும், சாலையோரத்து எல்லைச் சாலைப் படையினரின் எச்சரிக்கைப் பலகைகளில் உள்ள பிழைகளைப் பற்றியும் இடைவிடாமல் பேசிக்கொண்டு வந்தார். அந்த உயரத்தில் பேசிக்கொண்டே மிதிப்பது எல்லோராலும் முடியாது.

ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் போனதும் சாலை நதியை விட்டு விலகி மலைமேல் திரும்புகிறது. அங்கேதான் காட்டா வளைவுகள் ஆரம்பம். ஒன்றன்மேல் ஒன்றாக இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஏறக்குறைய நானூற்றைம்பது மீட்டர் ஏற்றம். கீழேயிருந்து பார்த்தால் யாரோ ஒரு குழந்தை மலைச் சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கி வைத்தது போல் இருக்கும்.

"கொல்லிமலையில் எழுபது வளைவு ஏறினவனுக்கு இருபத்தொன்று எம்மாத்திரம்?" என்றார் இவர்.

கொல்லிமலையின் உச்சி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. ஒன்பதரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு வளைவு திரும்பியதும் அவர் உரக்க எண்ணுவது என்றும், ஐந்து வளைவுக்கு ஒரு தடவை இறங்கி நின்று ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் தின்பது என்றும் ஏற்பாடு. அந்தக் கடலை மிட்டாய் எங்கள் கோவில்பட்டிச் சரக்கு. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு என்னும் மரியாதையை அரசாங்கத்தார் கொடுத்திருக்கிறார்கள். என் கணவர் அதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து இரண்டு கிலோ வந்திருந்தது. எடை பார்க்கிறவள் என்ற முறையில் நான் ஆட்சேபித்தும் பயனில்லை.

ஐந்தாம் வளைவில் தின்றோம். பத்தாம் வளைவில் நின்றபோது அவர் தம் பங்கைக் கையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்புறம் ஆகட்டும்" என்றார். பதினோராம் வளைவு, பன்னிரண்டாம் வளைவு. வழக்கம்போல் "பன்னிரண்டு!" என்று குரல் வந்தது. அடுத்த வளைவும் திரும்பினோம்.

"பன்னிரண்டு!" என்றார் மறுபடியும்.

"பதின்மூன்று" என்றேன் நான் பின்னாலிருந்து.

"சரி" என்றார்.

நேயர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றும். இருபத்தொன்பது வருஷ இல்லறத்தில், ஓர் எண்ணிக்கையை நான் திருத்தி அவர் 'சரி' என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. பால் கணக்கானாலும் சரி, கிரகண காலமானாலும் சரி, முதலில் வாதம் நடக்கும். பிறகு காகிதமும் பென்சிலும் வரும். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. வெறும் 'சரி' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் குளிர் காற்றை விட அதிகமாக நடுக்கம் எடுத்தது.

"நில்லுங்கள்" என்றேன். நின்றோம். "தலை வலிக்கிறதா?"

"கொஞ்சம். வெயில்."

"கடலை மிட்டாய் தின்னுங்கள்."

"வேண்டாம். குமட்டுகிறாற்போல் இருக்கிறது."

கடலை மிட்டாயை அவர் 'அப்புறம்' என்று சொன்னதையே நான் அதற்கு முன் கேட்டதில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லை அவர் உபயோகித்தது பூகம்பத்துக்குச் சமானம். "பதினேழைப் பதின்மூன்றால் பெருக்கினால் எவ்வளவு?" என்று கேட்டேன். இருநூற்றிருபத்தொன்று என்று சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு நான் மனத்துக்குள் ஒன்பது எண்ணும் நேரம் பிடித்தது. பிறகு, சாலை ஓரத்து மண்ணில் சைக்கிள் சக்கரத்தை உருட்டி ஒரு நேர்கோடு போட்டு, அதன்மேல் ஒரு பாதத்தின் குதிகாலில் மறு பாதத்தின் விரல் முட்டும்படி பத்து அடி நடக்கச் சொன்னேன். மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் நெருங்கினால் அந்த நடை தள்ளாடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளாடாமல் நடந்தார். அதுவரையில் பிள்ளையார் காப்பாற்றினார்.

அரைமணி நேரம் உட்கார்ந்தோம். வெந்நீர் குடித்தார். தலைவலி குறையவில்லை.

"போதும். இறங்குவோம்" என்றேன்.

ஒப்பந்தப்படி அவர் காரணம் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை. ஆனால் வாதாடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை அல்லவா? "இன்னும் எட்டே வளைவு. அதற்கு மேல் நக்கீ. அப்புறம் லாச்சுலுங் ஒன்றுதான். அதைத் தாண்டினால் பாங் வரையில் இறக்கம். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது. திரும்பிப் போனால் ஏறினதெல்லாம் நஷ்டம்" என்றார்.

ஏறினதெல்லாம் நஷ்டம்! மலையில் மனிதர்களைக் கொல்வது குளிர் அல்ல, இந்த நாலு சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு ஆசிரியருக்குக் கணக்கினாலேயே பதில் சொன்னேன். "நாம் நிற்பது நாலாயிரத்து நானூற்றைம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போனால் ஐயாயிரத்து அறுபத்தைந்து வரையில் ஏறியாக வேண்டும். அப்புறம் இறங்கி, ராத்திரி தூங்குகிற இடம் நாலாயிரத்து அறுநூறு. பின்னால் போனால் ஒரு மணி நேரத்தில் நாலாயிரத்து இருநூறு. எது சின்ன எண்?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் சோதனை லாரி ரூபத்தில் வந்தது.

மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு லாரி எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த சர்தார்ஜி எட்டிப் பார்த்து, இவருடைய முகத்தையும் கவனித்துவிட்டு, "பெஹன்ஜீ, பின்னால் காலியாகத்தான் இருக்கிறது. சைக்கிள்களைத் தூக்கிப் போடுங்கள். மூன்று மணி நேரத்தில் பாங்கில் இறக்கிவிடுகிறேன்" என்றார். காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எவ்வளவு நல்ல மனிதர்! என் கணவர் எழுந்து நின்றே விட்டார். எனக்குங்கூட ஒரு கணம் மனம் ஆடியது. மூன்று மணி நேரம்தானே? மிதிக்க வேண்டாமே?

ஆனால் லாரியில் உட்கார்ந்துகொண்டு போனாலும் லாச்சுலுங் ஐயாயிரத்து அறுபத்தைந்துதான். மிதிக்கிற கால் ஓய்வெடுத்துக்கொள்ளுமே தவிர, மூச்சு இழுக்கிற மார்புக்குச் சலுகை கிடையாது. அங்கே வண்டி ஏதாவது பழுதாகி நின்றுவிட்டால்? "மிகவும் உபகாரம், பாயீ ஸாஹேப். இவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, கீழே போகிறோம்" என்றேன். சர்தார்ஜி சிறிது நேரம் யோசித்தார். பிறகு, தாமும் ஒரு தடவை இந்த மலையில் தலைவலியோடு ஓட்டியதாகவும், அந்த ராத்திரியை எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டார் என்றும் சொல்லி, கை கூப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இறக்கத்தில் அவரை முன்னால் விட்டேன். மெதுவாகப் போகிறவர் முன்னால் என்பது மட்டும் காரணமல்ல. அவர் என் கண்ணிலிருந்து ஒரு விநாடி மறைவதும் எனக்குச் சம்மதமில்லை. வளைவு ஒன்றின் ஓரத்தில், ஏறும்போதும் பார்த்த அந்தச் சின்னக் கல் மேடை மறுபடி வந்தது. அதைச் சுற்றிலும் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் புட்டிகள், ஆயிரம் இருக்கலாம், வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தன. அதைப் பற்றி லாரிக்காரர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். எப்பொழுதோ ஒரு வருஷம் பனிக்காலத் தொடக்கத்தில் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றுவிட்டதாம். டிரைவர் உதவி தேடிக் கால்நடையாகப் போனார். கிளீனர்ப் பையனை, அவனுக்கு உடம்பு சரியில்லாததால், வண்டிக்குக் காவலாக விட்டுப் போனார். பனி கொட்டிப் பாதை மூடிக்கொண்டது. டிரைவர் திரும்பி வர நாட்கள் ஆகிவிட்டன. பையன் குளிரிலும் தாகத்திலும் இறந்து கிடந்தான். அதற்கப்புறம் இந்த வழியில் போகிறவர்களிடம் ஒரு பையன் வந்து தண்ணீர் கேட்பான் என்று பேச்சு. அதனால்தான் புட்டிகள்.

பேய் பிசாசுகளில் என் கணவருக்கு நம்பிக்கை கிடையாது. எனக்குப் பகல் வேளையில் கிடையாது. ஏறும்போது அந்த இடத்தில் அவர், "தண்ணீர் சரி, சிகரெட்டுமா வைக்கிறார்கள்?" என்று வேடிக்கை பேசினார். இறங்கும்போது நாங்கள் இருவரும் பேசவில்லை. எனக்கு அந்த டிரைவரைப் பற்றியே நினைவாக இருந்தது. அவர் கெட்டவர் அல்ல. உதவி தேடித்தான் போனார். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறதே என்று நாங்கள் நினைத்த மாதிரி, பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். என் புட்டிகளில் ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தேன். பகல்தான் அப்போது.

அடிவாரத்தில், நதிக்கு மேல் சற்று சமதரையாக இருந்த இடத்தில் கூடாரம் அடித்தோம். துணியை அவர் சைக்கிளிலிருந்து அவிழ்க்க முயன்று, முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். நான் அவிழ்த்தேன். பக்கத்தில் சாலை வேலைக்காரர்களின் கித்தான் குடிசைகள் நாலைந்து இருந்தன. ஜார்க்கண்டில் தும்கா என்னும் ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். கோடைகாலந்தோறும் அந்தச் சமவெளி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஹிமாலயத்துக்கு வந்து தார் காய்ச்சிக் கல் உடைத்து இந்தச் சாலைகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். மோட்டாரில் போகிறவர்கள் பனிமலையைப் படம் பிடிக்கிறார்கள். புகைக்குள்ளே நிற்கும் இவர்களைப் படம் பிடித்தவர்கள் சொற்பம். அவர்களில் ஓர் அம்மாள், என் கையில் இருந்த சின்ன அடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பிரஷர் குக்கரில் சோறு பொங்கிக் கொண்டு வந்தாள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசி இலேசில் வேகாது. "தீதி, நாங்களும் வந்த புதிதில் படுத்துக் கிடந்தோம். தூங்க விடுங்கள், ஆனால் நீங்கள் தூங்காதீர்கள்" என்றாள். கோவில்பட்டி டாக்டரும் தும்காவின் அந்த அம்மாளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை!

சோற்றில் நாலு கவளம் சாப்பிட்டு அவர் படுத்தார். மாலையில் தலைவலி கொஞ்சம் குறைந்தது என்றார். நான் நம்பவில்லை. இருட்டிய பிறகு காற்று எழுந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்கியது. நான் உட்கார்ந்துகொண்டு அவருடைய மூச்சை எண்ணினேன். உயரத்தில் தூங்குகிறவர்களுடைய மூச்சுக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு: நாலைந்து மூச்சு வேகமாக வரும், பிறகு மெலிந்து, அடியோடு நின்றுவிடும். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணுவேன். ஒன்பது. பத்து. கையை நீட்டித் தோளைத் தொடலாமா என்று யோசிக்கும்போது, தண்ணீருக்குள்ளிருந்து வெளி வந்தவர் போல் ஒரு பெருமூச்சு வாங்கி மறுபடியும் ஆரம்பிப்பார். அதுமட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை என்று டாக்டர் முன்னமே சொல்லித்தான் இருந்தார். சொல்லியிருந்தால் என்ன? பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவையும் மூன்று மணிக்கு ஒரு தடவையும் எழுப்பிப் பெருக்கல் கேட்டேன். மூன்று மணிக்கு, "இருபத்துமூன்றைப் பத்தொன்பதால்" என்றேன். "நானூற்று முப்பத்தேழு; என்னைத் தூங்க விடுகிறாயா, இல்லையா?" என்று பளிச்சென்று பதில் வந்தது. கோபத்தோடு வந்தது. அந்தக் கோபத்தைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

விடிந்ததும் கூடாரத்துக்கு வெளியே சட்டைப் பையைத் துழாவிக்கொண்டு நின்றார். முதல் நாள் 'அப்புறம்' என்று போட்ட கடலை மிட்டாய் குளிரில் கல்லாய் இறுகியிருந்தது. அதைச் சாலைக் கல்லில் வைத்துத் தட்டி உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

அன்றைக்கும் அங்கேயே தங்கினோம். அதற்கு அடுத்த நாள் காலையில் மறுபடி ஏறினோம். அவர் ஒவ்வொரு வளைவிலும் உரக்க எண்ணினார். இந்தத் தடவை நானும் பின்னால் தனியாக எண்ணிக்கொண்டு வந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கணக்கு இருபத்தொன்று. என் கணக்கு இருபத்திரண்டு. அடிவாரத்தில் சாலைப் படையினர் நாட்டியிருக்கும் பலகையில் இருபத்தொன்று என்றுதான் போட்டிருக்கிறது என்பது அவருடைய கட்சி. பலகை எழுதினவர் எந்த வளைவிலிருந்து எண்ண ஆரம்பித்தார் என்று யாருக்குத் தெரியும் என்பது என்னுடைய கட்சி. லாச்சுலுங்கைத் தாண்டி, பாங்கைத் தாண்டி, லே போய்ச் சேருகிற வரையில் வழக்கு நடந்தது.